ஓட்டக் காலணியின் கார்பன் கணக்கு: தெற்கு வியட்நாமிலிருந்து செய்யாறு வரை

திங்கள் – பின் தான், ஹோ சி மின் நகரம்

நகரத்தின் மேற்கு விளிம்பில், முதலாம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி போ யுவன் காலணி ஆலை இருக்கிறது. காலை ஷிஃப்ட் தொடங்கும் முன் பைக்குகள் சாலையை அடைத்துக்கொண்டு உள்ளே போகின்றன. தைவானின் போ சென் குழுமத்துக்குச் சொந்தமான இந்த ஒரே வளாகத்தில் ஒரு காலத்தில் 50,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். 2023இல் ஆர்டர் சரிந்தபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். நைக்கியின் காலணிகளில் ஏறத்தாழப் பாதியும், அடிடாஸின் காலணிகளில் பத்தில் நாலும் வியட்நாமில்தான் உருவாகின்றன. அந்த இரண்டு நிறுவனங்களுக்கும் இங்கே சொந்த ஆலை கிடையாது. கார்பன் கணக்கில் வரும் சிக்கல் முழுவதும் இந்த இடத்தில் தொடங்குகிறது.

அடிப்படை எண்ணை முதலிலேயே வைத்துக்கொள்வோம். 2013இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சீனாவில் தயாரான ஓர் ஆசிக்ஸ் ஓட்டக் காலணியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் கணக்கிட்டார்கள். 26 வகைப் பொருள்கள், 65 பாகங்கள், 360 வேலைப்படிகள். ஒரு ஜோடிக்குச் சுமார் 14 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான உமிழ்வு. அதில் 68 சதவீதம் ஆலை வேலையில் வருகிறது, 29 சதவீதம் மூலப்பொருளில். கப்பல், கடை, துவைப்பு, குப்பை எல்லாம் சேர்ந்து மிச்சமுள்ள துளிதான். பருத்திச் சட்டை போன்ற பொருள்களில் மூலப்பொருளும் துவைப்பும் பெரும்பங்கு எடுக்கும். காலணியில் உமிழ்வு ஆலைக்குள் குவிகிறது. காரணம், சின்னச் சின்னப் பாகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மோல்டு (வார்ப்பு அச்சு), ஒரு சூடு, ஒரு ஆற்றல். இரண்டாவது காரணம், அந்தச் சூட்டைத் தந்தது நிலக்கரி.

நிறுவனங்கள் கணக்கை மூன்று வட்டமாகப் பிரிக்கின்றன. தன் கட்டடத்தில் எரிக்கும் எரிபொருள் முதல் வட்டம். தான் வாங்கும் மின்சாரம் இரண்டாவது. மற்றவர்கள் தனக்காகச் செய்யும் எல்லாம் மூன்றாவது. ஆலையே சொந்தமாக இல்லாத காலணி நிறுவனத்துக்கு உமிழ்வில் கிட்டத்தட்ட முழுவதும் மூன்றாவது வட்டத்தில் விழும். தலைமை அலுவலகக் கூரையில் சோலார் போட்டு, முதல் இரண்டு வட்டத்தை 70 சதவீதம் குறைத்துவிட்டதாக ஒரு நிறுவனம் அறிவித்தால் அது உண்மையாகவே இருக்கலாம். மொத்தத்தில் அது ஒரு சதவீதத்தைக்கூடத் தொடாது. ஆண்டறிக்கை கையில் கிடைத்தால் நேராக மூன்றாவது வட்டத்தின் பக்கத்துக்குப் போங்கள், அதிலும் 'வாங்கிய பொருள்கள்' என்ற வரிக்கு.

செவ்வாய் – பியன் ஹோவா

நகரத்திலிருந்து வடகிழக்கே முப்பது கிலோமீட்டர். டோங் நை மாகாணத்தின் தொழில் நகரம். காலணித் தொழிலுக்கான அச்சு, நுரை, ரப்பர் கூடங்கள் இந்த வட்டாரம் முழுக்கப் பரவிக்கிடக்கின்றன.

ஓட்டக் காலணியில் ஆற்றலை அதிகம் விழுங்குவது மிட்சோல். பாதத்தை மூடும் மேல்பகுதியான அப்பருக்கும் அடித்தட்டுக்கும் நடுவே இருக்கும் அந்த வெள்ளை நுரைதான். பெரும்பாலும் ஈ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக். குருணையாக வரும் ஈ.வி.ஏ.வோடு ஊதுபொருளாக அசோடைகார்பனமைடு, குறுக்குப் பிணைப்புக்கு (பிளாஸ்டிக் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கட்ட) டைகுமைல் பெராக்சைடு, துத்தநாக ஆக்சைடு, ஸ்டியரிக் அமிலம், சிறிது நிரப்புப்பொருள் சேர்த்து நீடர் எனும் இயந்திரத்தில் பிசைகிறார்கள். பிசையும்போது சூடு 110 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பெராக்சைடு அங்கேயே வேலையைத் தொடங்கிவிடும், கலவை கட்டிதட்டி வீணாகும்.

அதற்குப் பிறகு இரண்டு வழி. ஒன்று, நேரடி இன்ஜெக்‌ஷன். மோல்டு எப்போதும் 170 டிகிரி அளவில் சூடாகவே இருக்கும். ஆறேழு நிமிடத்தில் மோல்டு திறந்ததும் நுரை 'டப்' என்று குதித்து வெளியே வந்து, கண்ணெதிரே மோல்டைவிட ஒன்றரை மடங்கு நீளமாக விரியும். பிறகு படிப்படியாகச் சூடு குறையும் சுரங்க அடுப்பில் நகர்ந்துபோய் அடங்கும். இரண்டாவது, ஃபைலான் எனப்படும் அழுத்த வார்ப்பு. முன்பே நுரைத்த துண்டை மோல்டில் வைத்து, நீராவி விட்டு 160, 170 டிகிரிக்கு ஏற்றி, அதே மோல்டுக்குள் குளிர்ந்த நீர் ஓடவிட்டு நாற்பது டிகிரி அளவுக்கு இறக்கி, பிறகே திறக்க வேண்டும். அடுத்த ஜோடிக்கு மறுபடி முதலிலிருந்து சூடேற்றம். ஒவ்வொரு தோசைக்கும் கல்லைக் காயவைத்து, வார்த்து எடுத்ததும் தண்ணீர் ஊற்றி ஆறவைப்பது மாதிரி. நுரைக்குள் போகும் சூடு கொஞ்சம்தான். பெரும்பகுதி இரும்பையும் அலுமினியத்தையும் சூடாக்கவே செலவாகிறது.

அப்படியிருந்தும் ஃபைலானை விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதன் மேல்தோல் வழுவழுப்பாக வரும், கூர்மையான கோடுகள் கிடைக்கும், அளவு பிசகாது. இன்ஜெக்‌ஷனில் நுரை விரிந்து சுருங்குவது அறையின் ஈரம், கலவையின் வயது, மோல்டுச் சூடு என எல்லாவற்றையும் பொறுத்து மாறும். ஓரிரண்டு மில்லிமீட்டர் தவறினால் அப்பரோடு பொருந்தாது. வீணானதை உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது, குறுக்குப் பிணைப்பு ஏறிய பிளாஸ்டிக் உருகாது. பொடியாக்கிப் புதுக் கலவையில் பத்து, இருபது சதவீதம் சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் துள்ளல் குறையும். ஆகவே வடிவமைப்பாளர் மேசையில் 'இந்தக் கோடு இவ்வளவு கூர்மையாக வேண்டும்' என்று எடுக்கும் ஒரு முடிவு, இங்கே ஒவ்வொரு ஜோடிக்கும் எத்தனை கிலோ நீராவி போகும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. கார்பன் இலக்கு வைத்திருக்கும் நிறுவனம் முதலில் கேள்வி கேட்க வேண்டியது தன் வடிவமைப்பாளர்களிடம்தான்.

கரும்பிலிருந்து எடுக்கும் ஈ.வி.ஏ.வைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். பிரேசிலின் பிராஸ்கெம் தயாரிக்க, 2018இல் ஆல்பேர்ட்ஸ் நிறுவனம் அதைக் காலணியில் கொண்டுவந்தது. நல்ல முயற்சி. ஆனால் அது மூலப்பொருளின் 29 சதவீதத்தில் ஒரு பகுதியைத்தான் தொடுகிறது. கரும்பு நுரையையும் இதே பிரஸ்ஸில் இதே நீராவியில்தான் வார்க்க வேண்டும்.

மிட்சோல் பேச்சில் ஒரு பழைய கணக்கையும் சேர்க்க வேண்டும். நைக்கியின் காற்றுப் பைகளில் ஆரம்பத்தில் அடைத்தது சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு. மூலக்கூறு பெரிது, பையிலிருந்து கசியாது என்பதால் தேர்ந்தெடுத்தார்கள். நூறு ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல் 20,000 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு. தொண்ணூறுகளில் சுட்டிக்காட்டப்பட்ட பிறகு, நைட்ரஜன் கசியாத பையை உருவாக்கவே பல ஆண்டுகள் ஆராய்ச்சி தேவைப்பட்டது. 2006இல் மாற்றம் முழுமையானது. அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் இவ்வகை வாயுக்கள் அடங்கிய காலணியை விற்கத் தடை போட்டது. எந்த வாயு, எத்தனை கிலோ, எந்தத் தேதிக்குள் என்று குறிப்பாகக் கேட்டபோது வேலை நடந்தது.

புதன் – பாய்லர் அறை, டோங் நை

இந்த நாளைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டும். காலணியின் கார்பன் கணக்கில் திருத்தம் செய்ய முடிகிற இடம் பாய்லர் அறை. அறிக்கைகளில் அதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

மிட்சோல் வார்ப்பு, ரப்பர் அடித்தட்டு வேகவைப்பு, லாஸ்டில் (கால் வடிவ அச்சில்) ஏற்றும் முன் அப்பரை ஆவியில் இளக்குவது என எல்லாவற்றுக்கும் ஒரே மைய பாய்லர் நீராவி தருவது வழக்கம். எட்டு பார் அழுத்தத்தில் ஒரு டன் நீராவி எடுக்க, பாய்லர் திறன் 75 சதவீதம் என்று வைத்தால், சுமார் 150 கிலோ நிலக்கரி வேண்டும். அது வெளியிடுவது 300 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதே ஒரு டன்னுக்கு நெல் உமி என்றால் 250 கிலோ.

வியட்நாம் ஆலைகள் பல உமிக்கும் மரக்கழிவுக்கும் மாறிவிட்டன. மேகாங் கழிமுகத்து அரிசி ஆலைகளிலிருந்து உமி வருகிறது, அப்படியேயோ கட்டியாக அழுத்தியோ. ஐ.நா. சார்பில் நடக்கும் ஃபேஷன் துறைக் காலநிலை சாசனத்தில் கையெழுத்திட்ட பிராண்டுகள் 2023 ஜனவரிக்குப் பின் புது நிலக்கரி பாய்லர் கிடையாது, இருப்பதை 2030க்குள் நிறுத்துவது என்று ஒப்புக்கொண்டிருக்கின்றன.

மாற்றும்போது என்ன கோளாறு வரும்? உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. நிலக்கரிக்காகக் கட்டிய அடுப்பில் உமியைப் போட்டால் குழாய்களின் வெளிப்புறம் அரித்துத் தேயும், சாம்பல் அப்பிக்கொள்ளும், சூடு தண்ணீருக்குப் போகாமல் புகைபோக்கி வழியே போகும். புகைபோக்கிச் சூட்டை நாளும் எழுதிவைத்தால் இதைப் பிடித்துவிடலாம். வழக்கத்தைவிட இருபது டிகிரி ஏறினால் திறன் ஏறக்குறைய ஒரு சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம். சேமிப்புக் கிடங்கு வேண்டும், சாம்பலை எடுத்துப்போக ஆள் வேண்டும். ஊரில் எல்லா ஆலையும் ஒரே நேரத்தில் உமிக்கு மாறினால் விலை ஏறும், பிறகு மரம் வெட்டுவது தொடங்கும். கம்போடியாவில் ஆயத்த ஆடை ஆலைகளின் பாய்லருக்குக் காட்டு மரம் போவது பல ஆண்டுகளாகப் பதிவாகிவருகிறது.

கணக்கு எழுதும் முறையும் இதில் கை கொடுக்கிறது. தாவர எரிபொருளின் கார்பன் டை ஆக்சைடு மூன்று வட்டத்துக்கும் வெளியே தனி வரியில் எழுதப்படும். மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டுமே உள்ளே வரும். ஆகவே நிலக்கரியிலிருந்து மாறிய அன்றே அந்த 300 கிலோ காகிதத்தில் சுழியத்தை ஒட்டிப்போகும். உமி என்றால் அது நியாயம், எப்படியும் அழுகவோ வயலில் எரியவோ போகிற பொருள். முப்பது ஆண்டு வளர்ந்த மரம் என்றால் நியாயமில்லை. அறிக்கையில் இரண்டுக்கும் ஒரே பெயர், 'உயிரி எரிபொருள்'. எரிபொருள் வாங்கிய ரசீதைப் பார்க்காமல் இந்த வரியை ஏற்கக் கூடாது.

எரிபொருளை மாற்றும் முன் செய்ய வேண்டிய வேலை வேறு. நீராவிக் குழாயின் வால்வுகளைக் கையுறையோடு தொட்டுப் பாருங்கள். குழாய்க்குக் கம்பளிக் காப்புச் சுற்றியிருப்பார்கள், வால்வையும் குழாய் இணைப்பான ஃபிளேஞ்சையும் காப்பில்லாமல் விட்டிருப்பார்கள், பழுது பார்க்கும்போது கழற்ற வேண்டுமே என்று. கழற்றக்கூடிய காப்பு உறை தைத்துப் போட்டால் தீர்ந்தது. அடுத்து ஸ்டீம் ட்ராப், அதாவது குழாயில் தேங்கும் தண்ணீரை மட்டும் வெளியேற்றி நீராவியைத் தடுக்கும் வால்வு. திறந்தபடி சிக்கிக்கொண்ட ஒரு ட்ராப் நீராவியை நேரே வடிகாலுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அல்ட்ராசவுண்டு கருவியை வைத்து மாதம் ஒருமுறை கேட்க வேண்டும். நீராவி குளிர்ந்து உண்டாகும் சுடுநீரை பாய்லருக்குத் திருப்பி அனுப்பும் குழாய் இருக்கிறதா என்பது மூன்றாவது. இருந்தால் பாய்லருக்குள் போகும் தண்ணீர் எண்பது டிகிரியில் போகும், இல்லையென்றால் முப்பதில்.

இதற்கெல்லாம் பணம் யார் போடுவது? ஆலைக்காரர் ஒரு ஜோடிக்கு இவ்வளவு என்று பேசிய விலையில் ஓடுகிறார். ஆர்டர் ஒவ்வொரு சீசனுக்கும் உறுதியாகிறது. புது பாய்லரின் முதலீடு திரும்ப நான்கைந்து ஆண்டு ஆகும். கடன் ஆலையின் தலையில், குறைந்த கார்பன் பிராண்டின் அறிக்கையில். ஐந்தாண்டு ஆர்டர் உறுதி தராத பிராண்டு ஆலையிடம் பாய்லர் மாற்றச் சொல்வது நேர்மையான கோரிக்கை ஆகாது என்பதே என் உறுதியான கருத்து.

வியாழன் – வின் தான் கடற்கரை

நெடுஞ்சாலையில் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வடகிழக்கே. 2025 ஜூலையில் மாகாணங்களை இணைத்தபோது பின் துவான் மாகாணம் லாம் டோங்கில் சேர்ந்துவிட்டது. பழைய பெயர்ப்பலகைகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கடலோரத்தில் வரிசையாக நிற்கும் வின் தான் நிலக்கரி மின்நிலையங்களின் மொத்தத் திறன் 4,000 மெகாவாட்டுக்கு மேல். 2015 ஏப்ரலில் சாம்பல் தூசு தாங்காமல் ஊர்மக்கள் இதே நெடுஞ்சாலையை மறித்தார்கள். கொஞ்சம் தெற்கே துய் ஃபோங்கில் வியட்நாமின் முதல் பெரிய காற்றாலைப் பண்ணை, 20 காற்றாடிகள், 30 மெகாவாட். வடக்கே பழைய நின் துவான் மாகாணப் பகுதியில் 450 மெகாவாட் சோலார் பண்ணை. ஒரே கரையில் மூன்றும். ஆலையில் தையல் இயந்திரம் ஓடும்போது வருவது இவை எல்லாம் கலந்த மின்சாரம். நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு அருகில் நிலக்கரி என்பதால், ஒரு யூனிட்டுக்கு 0.66 கிலோ அளவில் விழுகிறது.

கூரை சோலாருக்கான நிலையான கொள்முதல் விலை 2020 டிசம்பர் 31உடன் முடிந்தது. அந்தக் கடைசி மாதங்களில் போட்டி போட்டுக் கட்டினார்கள். மின் கம்பித்தடம் தாங்காமல் அடுத்த ஆண்டே உற்பத்தியைக் குறைக்கச் சொல்ல வேண்டி வந்தது. 2024 ஜூலையில் வந்த 80ஆம் எண் ஆணை, பெரிய நுகர்வோர் காற்றாலையிடமோ சோலார் பண்ணையிடமோ நேரடி ஒப்பந்தம் போட வழி திறந்தது. 2025 மார்ச்சில் 57ஆம் எண் ஆணை அதன் இடத்துக்கு வந்தது. தேசியக் கம்பித்தடம் வழியே வாங்க, மாதம் சராசரி 2 லட்சம் யூனிட் நுகர்வு தேவை என்ற வரம்பு வைத்தார்கள். பெரிய காலணி ஆலை இதை எளிதில் தாண்டும். லேஸ், குதிகால் தாங்கி, அட்டைப்பெட்டி செய்யும் சிறு கூடங்கள் தாண்டாது. 65 பாகங்களில் எத்தனை அப்படிப்பட்ட கூடங்களிலிருந்து வருகின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

ஒப்பந்தம் இல்லாதவர்கள் பசுமைச் சான்றிதழ் வாங்குகிறார்கள். புதுப்பிக்கத்தக்க மின்சாரம் 1,000 யூனிட் உற்பத்தியானதற்கு ஒரு சான்றிதழ். பல பத்தாண்டுகளுக்கு முன் கட்டி முடித்த நீர்மின் நிலையத்தின் சான்றிதழை வாங்கினால் காற்றில் ஒரு கிராமும் குறையாது, கணக்கில் மட்டும் குறையும். அறிக்கையில் கம்பித்தடத்தின் சராசரியை வைத்துக் கணக்கிட்ட 'இடம் சார்ந்த' எண், வாங்கிய ஒப்பந்தங்களையும் சான்றிதழ்களையும் வைத்துக் கணக்கிட்ட 'சந்தை சார்ந்த' எண் என இரண்டு இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் என்ன வாங்கினார்கள் என்று கேட்க வேண்டும்.

வெள்ளி – நொன் திராக்

திரும்பும் வழி. நூல், துணி, சாயம். அப்பருக்கான பாலியஸ்டருக்கு 130 டிகிரியில் அழுத்தக் கலனில் சாயம் ஏற்றுகிறார்கள். நூலாக இழுக்கும் முன்பே நிறம் கலந்துவிட்டால் இந்தச் சூடும் தண்ணீரும் மிச்சம். ஆனால் ஒரு நிறத்துக்குப் பெரிய அளவில் முன்கூட்டியே ஆர்டர் வேண்டும், சீசனுக்கு நாற்பது நிறம் விடுகிறவர்களுக்கு அது ஒத்துவராது. கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டுமாவது இப்படிச் செய்யலாம், விற்பனையில் பெரும்பங்கும் அவைதானே.

சனி – கை மெப் துறைமுகம்

தி வை ஆற்று முகத்தில் ஆழ்நீர்த் துறைமுகம். இங்கிருந்து பெரிய கப்பல்கள் நேராக அமெரிக்க மேற்குக் கரைக்குப் போகின்றன.

பெட்டியோடு ஒரு ஜோடி ஒரு கிலோ என்று வைப்போம். கடல்வழி 13,500 கிலோமீட்டர், டன்–கிலோமீட்டருக்கு (ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக) பத்து கிராம். மொத்தம் 0.14 கிலோ கார்பன் டை ஆக்சைடு. விமானத்தில் போனால் டன்–கிலோமீட்டருக்கு 500, 600 கிராம். மொத்தம் ஏழு கிலோ அளவு. அந்த 14 கிலோ காலணி 21 கிலோ ஆகிவிடும். கடைசி நேரத்தில் நிறம் மாற்றுவது, மாதிரிக்கு ஒப்புதல் தாமதமாவது, துணி சாயத்தில் தவறி மறுபடி ஓடுவது இவைதான் விமானத்துக்குத் தள்ளுகின்றன. 2021இல் கொரோனா முடக்கத்தில் தெற்கு வியட்நாம் ஆலைகள் பத்து வாரம் மூடிக்கிடந்தது போன்றது எப்போதோ நடப்பது. மற்றதெல்லாம் பிராண்டின் நாட்காட்டி செய்யும் வேலை. விமானத்தில் போன ஜோடிகள் எத்தனை சதவீதம் என்று ஆண்டுதோறும் வெளியிட்டாலே போதும், பாதி தானாகக் குறையும்.

பெட்டியின் மேல் அச்சிடும் வார்த்தைக்கும் இப்போது பொறுப்பு வந்திருக்கிறது. 2050க்குள் காலநிலை நடுநிலை என்று அடிடாஸ் விளம்பரம் செய்ததை, எப்படி என்று போதுமான விளக்கம் இல்லை என நியூரம்பெர்க்–ஃபியூர்த் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தடுத்தது. வழக்குப் போட்டது ஜெர்மன் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று. 2026 செப்டம்பர் 27 முதல், வெளியே கார்பன் ஈடு (வேறிடத்தில் உமிழ்வு குறைந்ததற்கான சான்று) வாங்கிவிட்டுப் பொருளை 'நடுநிலை' என்று சொல்வது ஐரோப்பிய ஒன்றியத்தில் செல்லாது.

ஜோடிக்கு இவ்வளவு குறைத்தோம் என்ற வாக்கியத்தையும் அப்படியே விழுங்க வேண்டாம். நூறு ஜோடி, தலைக்கு 14 கிலோ, மொத்தம் 1,400. அடுத்த ஆண்டு 120 ஜோடி, தலைக்கு 12 கிலோ, மொத்தம் 1,440. ஜோடிக்கு 14 சதவீதம் குறைந்தது, வானத்துக்கு 40 கிலோ கூடியது.

திங்கள் – செய்யாறு, திருவண்ணாமலை மாவட்டம்

டோங் நையில் நைக்கிக்கு ஆலைகள் நடத்தும் தைவானின் ஃபெங் டே குழுமம் செய்யாறு சிப்காட்டிலும் பல ஆண்டுகளாகக் காலணி செய்கிறது. ராணிப்பேட்டை பனப்பாக்கத்தில் தைவானின் ஹாங் ஃபூ காலணி ஆலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். போ சென் கள்ளக்குறிச்சிக்கு வருகிறது. ஆகவே பின் தானில் பார்த்த கணக்கு இனி நம் கணக்கும்தான்.

இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோவுக்கு மேல். வியட்நாமைவிடச் சற்றே கூடுதல். ஒன்றும் செய்யாமல் ஆர்டரை மட்டும் இங்கே நகர்த்தினால் மின்சார வரி ஏறும். ஆனால் இங்கே ஒரு வசதி பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. குழு சொந்த உற்பத்தி முறையில், காற்றாலை நிறுவனத்தில் 26 சதவீதப் பங்கை வாங்கிக்கொண்டு, அதன் ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தைப் பங்குதாரர்கள் பயன்படுத்தினால் வெளியிலிருந்து மின்சாரம் வாங்குவோர் மீது விழும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் இல்லாமல் மின்சாரம் எடுக்கலாம். தமிழ்நாட்டு நூற்பாலைகள் இதில் நல்ல பழக்கம் உள்ளவை, அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தவறுவது எங்கே என்றால், ஆர்டர் குறைந்து ஆலை நுகர்வு சரியும்போது 51க்குக் கீழே போனால் அந்த ஆண்டு முழுவதற்கும் கூடுதல் கட்டணம் விழும். காற்றும் வைகாசியிலிருந்து புரட்டாசி வரைதான் பலமாக வீசும், மற்ற மாதங்களுக்குச் சோலாரைச் சேர்த்து ஒப்பந்தம் போட வேண்டும். அதே காற்றின் பசுமைச் சான்றிதழை உற்பத்தியாளர் வேறொருவருக்கு விற்கக் கூடாது என்ற வரி ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு யூனிட்டை இருவர் கணக்கில் எழுதுவார்கள்.

பாய்லருக்கு இந்தப் பக்கத்தில் நிலக்கடலைத் தோல் கட்டியும் சவுக்கும் கிடைக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் கட்டி ஈரம் குடித்து உதிரும், ஈர எரிபொருளில் அழுத்தம் ஏறாது, உற்பத்தி நிற்கக் கூடாதென்று நிலக்கரியைக் கலப்பார்கள். கூரை போட்ட, தரை உயர்த்திய கிடங்கு மூன்று வாரத் தேவைக்காவது வேண்டும். தணிக்கைக்குப் போகிறவர்கள் ஏப்ரல், மே ரசீதுகளோடு திரும்பிவிடாமல் நவம்பர், டிசம்பர் எரிபொருள் பதிவேட்டையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.